அசரியாவுக்குப் பதினெட்டு

“அப்பா, அசரியாவோட மாசப் பணத்தைக் குடுங்க.”

ஆராதனை முடிந்து சபையார் டீ குடித்துக்கொண்டிருந்த தாம்பரம் சர்ச் வளாகத்தில், எப்சி இதை உரக்கவே கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் கேள், சர்ச்சில் வைத்து மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா ஹில்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வேதசிரோமணி டீ கப்பைக் கீழே வைக்கவில்லை. சபை கமிட்டி மெம்பர். முடிச்சூரில் கிரில் பட்டறை. விவாகரத்துக்குப் பிறகு கட்டிய குடும்பமும் அங்கேதான்.

“தம்பிக்குப் போன மாசமே பதினெட்டு முடிஞ்சிடுச்சேம்மா. கோர்ட்டு ஆர்டர் மேஜர் ஆகுற வரைக்கும்தான். பாக்கி வெச்சிருக்கனா?”

“அவனுக்குச் சட்டை பட்டன் போடத் தெரியாது. மேஜராயிட்டான்னு எந்த ஆபீஸ்ல சேத்து விடப்போறீங்க?”

டீ ஊற்றிக்கொண்டிருந்த தனம் அக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“நம்ம வம்சத்துலயே நீதான் முதல் டிகிரி. பி.காம் படிச்சா வக்கீலா?”

“சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வயசுக் கணக்கு இல்ல. வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“அப்போ சர்டிபிகேட்டைக் காட்டு. உங்கம்மா ஊரெல்லாம் ‘பையன் கொஞ்சம் கூச்சம்’னுதானே சொல்லிக்கினு கீறா?”

அப்பா சொன்னதில் பொய்யில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குங்கள் என்று பள்ளிக்கூடத்தில் தலைபாடாக அடித்துக்கொண்டபோதெல்லாம், பெண் கரையேறட்டும் என்று தள்ளிப்போட்டவள் ஹில்டா. வரும் வெள்ளிக்கிழமை பல்லாவரத்திலிருந்து எப்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். தம்பி ஓசூரில் ஹாஸ்டலில் படிக்கிறான் என்று அவர்களிடம் சொல்லியாயிற்று. அன்று அவனைச் சித்தி வீட்டு மாடியறையில் பூட்டிவைப்பதாக ஏற்பாடு.

ஹில்டா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “வாயை மூடுடி. பல்லாவரத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சவங்க இங்க எத்தினி பேர் இருக்காங்க!”

“என் பேரைச் சொல்லி அவன் சோத்துல மண்ணைப் போட்டியேம்மா.”

வேதசிரோமணி குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை நானும் வந்து நிக்கிறேன். அப்பன் கூட இருந்தா உனக்குத்தானே கௌரவம்? இந்தப் பேச்சை இதோட விட்டுடு.”

ஹில்டாவின் முகம் மலர்ந்ததை எப்சி பார்த்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நீங்க வர வேணாம். அவங்களும் வர வேணாம். புரோக்கர்கிட்ட நானே பேசிக்கிறேன், தம்பியைப் பத்தியும் சேத்து.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அசரியாவை எழுப்பினாள். “வாடா. நாளைக்கு நாம சர்டிபிகேட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“எப்சி! உனக்குப் பைத்தியமா?” ஹில்டா பின்னாலேயே வந்தாள்.

எப்சி தம்பியின் கையை விடாமல் கேட்டைத் தாண்டி நடந்தாள்.