லேசான ஃப்ளைவீல்

தேவநாதனைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். தெருமுனையில் அமரர் ஊர்தி ஹாரன் அடித்தது. காலையில் நின்றுபோன இடத்திலேயே மகனின் கார் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. விமல்ராஜ் சாவியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவன் கம்பெனி பஸ்ஸேறி இருங்காட்டுக்கோட்டை போயிருந்தான். மனைவி பூர்ணிமாதான் மாமனாரைக் காரில் ஏற்றினாள். வண்டி குதித்தது, அணைந்தது; கிளப்பக் கிளப்ப அதே கதை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"ஓட்டத் தெரியாதவ எதுக்கும்மா சாவிய எட்த்த? எங்கண்ணன் தெருவிலியே பூட்டானே" என்று அத்தை காந்திமதி அழுதாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் பரிந்து பேசியதும் எடுபடவில்லை. இரண்டு வருஷமாக அதே காரை மண்ணூர் வரை ஓட்டிப் போய் வந்தவள், தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

காரணம் விமல்ராஜுக்குத் தெரியும். வேகத்துக்காகக் காரின் டர்போ சக்தியை ஏற்றிவிட்ட பிறகு பழைய கிளட்ச் தாங்காமல் வழுக்கியது. போன வாரம் ஒரகடம் ஷெட்டில் முரட்டுக் கிளட்சும் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் எடை குறைந்த ஒன்றும் மாட்டினான். பழைய கனத்த ஃப்ளைவீல், கிளட்சிலிருந்து காலை எப்படி எடுத்தாலும் எஞ்சினைச் சுழலவிடும். இது விடாது, ஆக்ஸிலேட்டரைக் கூடவே மிதிக்காவிட்டால் அணைந்துவிடும். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா என்று மெக்கானிக் அன்பு கேட்டதற்கு, என் வண்டி என்று சிரித்திருந்தான். மறுபடியும் காரைப் பிரித்தாயா என்று திட்டுவாளே எனப் பூர்ணிமாவிடம் மூச்சு விடவில்லை. பாழாய்ப்போன கள்ளத்தனம்.

கால் டாக்சி ஓட்டும் வெங்கடேசன் மாமா சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். கார் குதித்து அணைந்தது. மறுபடியும் அணைந்தது. இறங்கி வந்து அவனருகே நின்றார்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற இத?"

பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கிளட்ச மாத்திட்டேன் மாமா. அவகிட்ட சொல்லல. அவ மேல தப்பு இல்ல."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூர்ணிமாவுக்கு விளங்கியது. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

அவனால் கிளப்ப முடியும். கிளப்ப மனம் வரவில்லை. ஏறி உட்கார்ந்து, நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆண்கள் பின்னால் கைகொடுத்தார்கள். கார் நகர்ந்ததும் கண்ணாடியைப் பார்த்தான். அவர்களுக்கு நடுவே பூர்ணிமா வெறுங்காலை மண்ணில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள்.