எடுக்கக் கூடாத கை

ஜோதியம்மாளைப் பேசாதே என்று சொல்வதும் சந்தையைச் சத்தம் போடாதே என்று சொல்வதும் ஒன்று. ஆனால் அன்று மத்தியானம் ஓசூர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் டாக்டர் சாந்தம்மா அதைத்தான் சொன்னார்.

"பேசினா உன் கை ஆடுது, ஜோதி. வாயை மூடிக்கிட்டு அமுக்கு."

அவள் அமுக்கினாள். நர்ஸ் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் என்னென்னவோ பிடித்திருக்கிறாள். ஒரு பெண்ணின் திறந்த வயிற்றுக்குள் முஷ்டியை இறக்கி, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை நசுக்கிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

மேஜைமேல் கிடந்தவள் முனிலட்சுமி, ஜவளகிரிக்காரி. தலைப்பிரசவம் பெங்களூரில், வயிற்றை அறுத்து நடந்தது. இது இரண்டாவது. குழந்தை நல்லபடியாக வெளியே வந்து, ஆயா கையில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடிதான் வரவில்லை. பழைய தழும்பில் வேர் விட்டு, கர்ப்பப்பையின் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. டாக்டர் ஓரத்தில் விரல் வைத்துப் பிரித்துப் பார்த்தார். மடை உடைந்ததுபோல ரத்தம். விரலைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"இதைப் பிடுங்கினா இவ போயிருவா. பையோடவே எடுத்துரணும். நான் கட்டி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்காதே."

பிறகு வராந்தாவைப் பார்த்த ஜன்னல் பக்கம் குரலை உயர்த்தினார். "திம்மப்பா, உன் சம்சாரத்துக்கு இனிமே பிள்ளை பிறக்காது. சம்மதமா?"

"ரெண்டு இருக்குதுங்க. ஆளை மட்டும் குடுங்க," என்றது கணவனின் குரல்.

ஜோதியம்மாளின் முஷ்டிக்கு அடியில் துடிப்பு மெலிந்துகொண்டே வந்தது, கதவைத் தட்டத் தயங்கும் விருந்தாளியைப்போல. ரத்தத்தை நிறுத்திவைத்தால் மட்டும் போதாது. போனதைக் கொஞ்சமாவது திருப்பி ஊற்ற வேண்டும். வராந்தாவில் கம்பவுண்டர் நாராயணப்பன் லாரியில் வந்த உறவுக்காரர்கள் எல்லாரையும் விரலில் குத்திப் பார்த்துவிட்டார். திம்மப்பனின் ரத்தம் சேரவில்லை. அவன் தாய் சென்னம்மாளுக்கும் சேரவில்லை. சேர்ந்தது ஒருவனுக்குத்தான்: திம்மப்பனின் சித்தப்பா மகன் கங்கப்பன். எருது விடும் விழாவில், ஓடுகிற எருதின் கொம்பில் கட்டிய பரிசுத் தட்டியைப் பறிக்கிறவன்.

"ஒரு சொட்டுன்னுதானே சொன்னீங்க? அதான் குடுத்தாச்சே," என்றான் அவன்.

"அது பாக்குறதுக்கு. இது ஏத்துறதுக்கு," என்றார் கம்பவுண்டர்.

"இந்த பாட்டில் ரொம்புற வரைக்குமா?"

படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. 'பிடிங்க அவனை' என்று ஜோதியம்மாளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"டேய் கங்கப்பா! எங்கடா?" சென்னம்மாளின் குரல்.

"லாரிக்குத் தண்ணி ஊத்த, பெரியம்மா."

"அதுக்கு டிரைவர் இருக்கான். நில்லுடா அங்கயே!"

அப்புறம் வந்த திட்டு தெலுங்கில் கிளம்பி, கன்னடத்தில் சூடேறி, தமிழில் வந்து இறங்கியது.

"போன வருஷம் தொடையில கொம்பு ஏறி, ஒரு படி ரத்தத்தை மண்ணுல ஊத்தினியே, மண்ணு உன்னைக் கேட்டுதா? இங்க ஒருத்தி கேக்குறா. அவளுக்கு இல்லையா?"

"அது தானா போச்சு பெரியம்மா. இது உக்காந்து பாத்துக்கிட்டே குடுக்கணுமே!"

யாரோ சிரித்தார்கள். சென்னம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே ஜோதியம்மாள் தன் முஷ்டிக்குள் காதை வைத்தவள்போல நின்றாள். துடிப்பு ஒன்று வந்தது. அடுத்தது வருவதற்குள் தன் மூச்சை மறந்தாள்.

"பாக்காதே," என்றாள் சென்னம்மாள், இப்போது தணிந்த குரலில். "என் மடியில மூஞ்சி வெச்சுக்கோ. நான் பாத்துக்குறேன்."

"வேற யாரும் பாக்கக் கூடாது."

"எல்லாம் திரும்பி நில்லுங்கடா!"

பாட்டில் உள்ளே வந்தபோது கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது என்றார் தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர். அவரே அதைத் தொங்கவிட்டு ஊசியை ஏற்றினார். சாந்தம்மா தலை நிமிரவில்லை. ஒரு கட்டு, ஒரு வெட்டு, மறுபடி ஒரு கட்டு. நஞ்சும் பையுமாக ஒன்றாகவே தட்டில் விழுந்தன.

"கையை எடு, ஜோதி."

அவள் எடுக்கவில்லை.

"எடு."

"பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும்? மெதுவா எடு."

அவள் முஷ்டியைக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். மூன்று பேரும் ஒரே பள்ளத்தைக் குனிந்து பார்த்தார்கள். துணியால் ஒற்றிய இடம் உலர்ந்தபடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். ஒரு மூலையில் கசிந்தது; சாந்தம்மா அதையும் கட்டினார். அப்புறம் எதுவும் ஊறவில்லை. கை முழுதாக வெளியே வந்தது. விரல்கள் மட்டும் விரிய மறுத்தன.

"காலுக்கு ரத்தம் போகுதா, தொட்டுப் பாரு," என்றார் டாக்டர்.

கையுறையை இடது கையால் உரித்துப் போட்டுவிட்டு மேஜையின் கடைசிக்குப் போனாள். முனிலட்சுமியின் பாதம் கிணற்றுத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. பிடித்துக்கொண்டே நின்றாள். கணுக்காலுக்குக் கீழே ஒன்று அசைந்தது. தன் விரலின் நடுக்கமோ என்று சந்தேகப்பட்டாள். மறுபடி அசைந்தது.

"வருதும்மா," என்றாள்.

"வரட்டும். தையலுக்கு நூல் எடு."