நூற்றுக்கு இருபத்தெட்டு

எங்கள் காலனி நூலகத்தில் ஜியாலஜி புத்தகம் கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். ராஜகோபால் சார் அதைப் பெருமையாகச் சொன்னார். அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நூலகத்தின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அந்தப் புத்தகங்களை அங்கே கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எரிச்சலாக வந்தது. ஆனால் அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு பக்கம் வேண்டும், ஒரே ஒரு பக்கம். சண்டை போட நேரமில்லை.

நான் விஷ்ணுப்ரியா. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். படித்தது எம்.எஸ்ஸி. ஜியாலஜி, அதுவும் தங்க மெடலோடு. கல்லைப் படித்தவளுக்குக் கடைசியில் உலக வரைபடமும் குச்சியும்தான் கிடைத்தது. மெடல் பீரோவில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

எங்கள் பள்ளி ஆயா குப்பம்மா இரண்டு வாரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கவரில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னாள். அவள் புருஷன் பாலகுரு, மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒத்தைக்குன்று குவாரியில் இருபத்திரண்டு வருஷம் கல்லுடைத்தவர். இப்போது வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தால் நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டும். முதலில் டி.பி. என்று இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, இது கல் தூசு என்றாராம். தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி எழுதிவிட்டால் வைத்தியமும் மூச்சுவிட மெஷினும் கிடைக்கும். எழுதாவிட்டால் ஒன்றும் கிடையாது.

குவாரிக்காரரின் வக்கீல், அந்தக் குன்றின் கல்லில் நெஞ்சைக் கெடுக்கிற சிலிக்காவே இல்லை, பீடி குடித்துக் கெட்டுப்போன நெஞ்சு என்று பதில் மனு போட்டிருந்தார். கல்லில் என்ன இருந்தது என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துப்பூர்வமான ஆதாரம் தர வேண்டும், இதுவே கடைசி வாய்ப்பு என்றது அதிகாரியின் கடிதம். நான் அதைத் தமிழில் சொன்னதும் குப்பம்மா கடிதத்தை வாங்கி மறுபடி கவரில் போட்டாள்.

"அவரு பீடி புட்ச்சதே இல்ல மிஸ்ஸு," என்றாள். "புட்ச்சிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்."

எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். ஏனென்றால் விடை என்னிடம் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் ஆய்வே அந்த ஒத்தைக்குன்றைப் பற்றியதுதான். குவாரிக்குப் போய்க் கல் எடுத்து வந்து, லேப்பில் கண்ணாடி போல மெல்லிசாக அறுத்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு துணுக்காக எண்ணினேன். கல்லை அறுக்கும்போது முகமூடி போடாமல் எங்கள் பேராசிரியர் மெஷினைத் தொடவே விடமாட்டார். எண்ணி முடித்தபோது நூற்றுக்கு இருபத்தெட்டு குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்றால் சுத்தமான சிலிக்கா. அந்த அட்டவணைக்குத்தான் மெடல்.

என் சொந்தப் பிரதி இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் போய்விட்டது. அப்போது முடிச்சூரில் குடியிருந்தோம், கட்டில் வரை தண்ணீர். பேராசிரியர் காலமாகிவிட்டார். கல்லூரியில் ஜியாலஜி துறையையே மூடிவிட்டார்கள். சரி, இன்னொரு கல்லை எடுத்துச் சோதிக்கலாம் என்றால் குன்றே இல்லை. தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கி, பள்ளத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே அடுக்குமாடி கட்டி, அதற்கு மலைக்காட்சி என்று அர்த்தம் வரும்படி இங்கிலீஷில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது எங்கள் காலனி நூலகம் ஒன்றுதான். துறையை மூடியபோது அங்கிருந்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட இருந்தார்கள். நான் போய்க் கெஞ்சி, இரண்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கனிமவியல் அகராதிகள், பாறைகளைப் பற்றிய தடித் தடிப் புத்தகங்கள், அவற்றோடு மாணவர்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துக் கட்டிய ஏழு தொகுதிகள். சிவப்புக் காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்தில் வருஷம். மூன்றாவது தொகுதியில் நான் இருந்தேன். வீட்டில் வைத்தால் கெட்டுப்போகும், நூலகம் என்றால் பத்திரம் என்று நினைத்தேன்.

ராஜகோபால் சார் பதிவேட்டைப் புரட்டினார். "ஜியாலஜி, 41 புத்தகங்கள், வெளியே தரக்கூடாது" என்று பச்சை மையில் இருந்தது. எந்த அலமாரி என்று இல்லை. திங்களும் செவ்வாயும் பள்ளி விட்டதும் போய்த் தேடினேன். கனிமங்களின் படப் புத்தகம் ஒன்று ஜோதிட அலமாரியில், ராசிக்கல் பலன்களுக்கும் எண் கணிதத்துக்கும் நடுவில் இருந்தது. கல் புத்தகம்தானே மேடம், அதனால்தான் அங்கே வைத்தோம் என்றார் சார். பாறைகளைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் மனையடி சாஸ்திரத்தோடு இருந்தன. கிடைத்தவரை சந்தோஷம் என்று அவற்றைப் புரட்டினேன். உலகத்தில் உள்ள எல்லாக் கல்லும் இருந்தது, ஒத்தைக்குன்று மட்டும் இல்லை. சிவப்புத் தொகுதி ஒன்றைக்கூடக் காணோம்.

பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேவிட்டேன். சார் முகம் சுருங்கிப்போனது. வித்யாவை எடைக்குப் போடுகிற ஆளா நான் என்று கேட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கும் தெரியும்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. நூலகத்தில் வருஷா வருஷம் விமரிசையாகச் செய்வார்கள், வருஷா வருஷம் சுண்டல் என் பொறுப்பு. நடு ஹாலில் சுவரோரம் சரஸ்வதி படம், அதற்குக் கீழே மஞ்சள் பட்டு போர்த்திய பீடம். எட்டு வருஷமாக அந்தப் பீடத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்டு வருகிறேன். அன்றும் குனிந்து மல்லிச்சரத்தை வைக்கும்போது பட்டு கொஞ்சம் நழுவியது. உள்ளே சிவப்புக் காலிகோ. தங்க எழுத்து.

சார், இது என்ன என்றேன். பீடம் மேடம் என்றார். அப்புறம் அவருக்கும் மெல்ல ஞாபகம் வந்தது. ஏழும் ஒரே உயரம், ஒரே கனம், அடுக்கினால் அம்மனுக்கு அளவெடுத்தது போல இருந்ததாம். இவ்வளவு பெரிய புத்தகங்களை மூலையில் போடாமல் சரஸ்வதி காலடியிலேயே வைக்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டு மாற்றியிருக்கிறார்கள்.

உடனே எடுக்கலாமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்கு யாராவது பிரிப்பார்களா? நாளைக் காலை விஜயதசமி, புனர்பூஜை ஆனதும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வாதாடவில்லை. அன்று காலையில்தான் என் பெண்ணின் பாடப்புத்தகங்களையும் செல்போனையும் பிடுங்கிப் பூஜையில் வைத்து, நாளை வரை தொட்டால் படிப்பு வராது என்று மிரட்டிவிட்டு வந்திருந்தேன்.

வெளியே வந்ததும் குப்பம்மாவுக்கு போன் செய்து, கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை எப்போதோ செய்து முடித்திருந்தேன், அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கே குப்பம்மா நூலக வாசலில் நின்றாள், கையில் இரண்டு முழம் மல்லி. ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார் என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் போட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னாராம். இவளை உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. பூ மட்டும் கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்றாள்.

சார் கற்பூரம் காட்டினார். படத்தை இறக்கினார். விஜயதசமி அன்று பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தில் ஒரு வரியாவது படிக்க வேண்டும், நீங்களே படியுங்கள் மேடம் என்று சொல்லிப் பட்டை விலக்கினார். முதல் தொகுதியைத் தூக்கினேன். அவ்வளவு பெரிய புத்தகம் காலி அரிசி டப்பா போல லேசாக வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டாவதைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்துத் திறந்தேன்.

அட்டை மட்டும்தான் புத்தகம். உள்ளே செம்மண். கரையான் வரிவரியாகக் கட்டிய மண், அதற்கிடையில் நகக்கண் அளவில் காகிதம், அதில் ஒரு எழுத்தும் முழுசாக இல்லை. சுவரிலிருந்து வந்து அடித் தொகுதியில் ஏறி ஏழையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. வெளியே சந்தனம் கலையாமல் இருந்தது.

குப்பம்மா படியேறி வந்துவிட்டாள். "இன்னா மிஸ்ஸு எழுதிகீது?" என்று கேட்டாள்.

நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி நான்காவதை, ஐந்தாவதைத் திறந்துகொண்டே இருந்தேன். ஹால் முழுக்கப் புழுதி பறந்தது. அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என் தோளைத் தொட்டாள்.

"மூக்க மூடிக்கங்க மிஸ்ஸு. தூசு."

ராஜகோபால் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் துடைத்தோமே, துடைத்தோமே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. எதைச் சொல்லித் திட்டுவது? எட்டு வருஷம் பூ வைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். தாம்பரத்தில் ஒரு மாடியில் விசாரணை. பாலகுருவை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். வெள்ளைச் சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. மாடிப்படி ஏற இருபது நிமிஷம் ஆனது. அதிகாரி சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். நான் எழுந்து, அந்தக் கல்லை என் கையால் அறுத்து எண்ணியிருக்கிறேன், நூற்றுக்கு இருபத்தெட்டு குவார்ட்ஸ் என்று சொன்னேன். மெடலையும் சான்றிதழையும் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நம்பறேன் மேடம். ஆனா உங்க ஞாபகத்த நான் ஃபைல்ல வைக்க முடியாது. பேப்பர் இருக்கா?"

வக்கீல் வாயே திறக்கவில்லை. அவருக்குத் திறக்க வேண்டிய வேலையும் இல்லை. ஆதாரம் தாக்கல் செய்யப்படவில்லை, பாலகுருவின் மனு தள்ளுபடி. எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழே வந்து, மூடிக்கிடந்த ஒரு கடைப் படியில் பாலகுருவை உட்கார வைத்தோம். குப்பம்மா ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

"கல்லு எட்த்துனு போவ ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு. மஞ்ச துப்பட்டா. நான்தான் ஒட்ச்சிக் குட்த்தேன். கடல முட்டாய் குட்த்துட்டுப் போச்சு. அது நீங்களா?"

எனக்கும் ஞாபகம் வந்தது. முகமெல்லாம் மாவு பூசினது போலத் தூசு, பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டு, என் கைக்கு அடங்கும்படி பார்த்துப் பார்த்து உடைத்துக் கொடுத்த ஒரு ஆள். நான் தலையாட்டினேன்.

"மேல சொன்னீங்களே, இருபத்தெட்டுன்னு. அது எப்போ தெரிஞ்சிது?"

"அந்த வருஷமே. மார்ச் மாசம்."

"அது நெஞ்சுக்கு ஆவாதுன்னு?"

லேப்பில் மாட்டியிருந்த முகமூடி எனக்கு நினைவுக்கு வந்தது. குவார்ட்ஸ் தூசு நெஞ்சைக் கெடுக்கும் என்பது என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

"தெரியும்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவது போல விரலை மடக்கினார்.

"அதுக்கப்பறமும் பதினோரு வருசம் அங்கதான் இருந்தேன் மிஸ்ஸு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

ஆட்டோ வந்துவிட்டது. குப்பம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து அவரை ஏற்றினோம். என் கையை அவர் தட்டிவிடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.