எலென் சாப்பிடாத சோறு

காரைக்கால் எலெனும் காரைக்குடி அலமுவும் வியட்நாமின் சைகோனில் மருத்துவம் படிக்க வந்து ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் அலமு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். ஊரின் பெரிய சந்தையான ‘பென் தான்’ வாசலில் எடுத்தது. எலெனைச் சுற்றி வட்டம் போட்டு, ‘சந்தையை மறைக்கிறது யாரு?’ என்று எழுதியிருந்தாள். நாற்பது பேர் சிரித்தார்கள். எலெனும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டாள்.

மறுவாரத்திலிருந்து எலென் தன் மதியச் சோற்றுப் பொட்டலத்தை அலமு பக்கம் தள்ளினாள்.

“பசிக்கல. நீ சாப்பிடு.”

அலமு சாப்பிட்டாள். இரண்டு மாதம் சாப்பிட்டாள். எலெனின் கழுத்தெலும்பு துருத்தியபோது, “இப்பத்தான்டி பார்க்க நல்லாருக்கே” என்றுகூடச் சொன்னாள். அறைக் கண்ணாடியை எலென் துண்டால் மூடியதைக் கண்டும் ஏனென்று கேட்கவில்லை.

ஒருநாள் காலை, மெட்ரோ நிலையப் படிக்கட்டில் எலென் மயங்கிச் சரிந்தாள். மருத்துவமனையில் டாக்டர், கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டாள் என்று கேட்டார். அலமு தெரியாது என்றாள்.

கல்லூரியிலிருந்து செய்தி போய், சற்று நேரத்தில் எலெனின் அம்மா ரோசாலி அலமுவைப் போனில் அழைத்தாள்.

“வெயில் ஒத்துக்கலையாம்மா? நீ கூட இருக்கேன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அலமு அப்படிச் சொல்லவில்லை.

“வெயில் இல்லம்மா. அவ சாப்பிடறதே இல்ல. அவ சோத்தையும் நான்தான் சாப்பிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு படம் போட்டு அவளைக் கேலி பண்ணினேன்.”

ரோசாலி சொன்னாள்: “அந்தப் படத்தை எனக்கு அனுப்பு.”

அலமு அனுப்பினாள். டாக்டரிடம் திரும்பிப் போய் அந்த இரண்டு மாதத்தையும் சொன்னாள்.

மாலையில் எலென் கண் திறந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“என்னாலதானே எல்லாம்” என்றாள் அலமு.

“இல்ல. பள்ளிக்கூடத்துலேர்ந்தே கண்ணாடி பார்த்தா எனக்கு அழுகை வரும். நீ ஆரம்பிக்கல.” எலென் மூச்சு வாங்கினாள். “ஆனா உன்னை நம்பியிருந்தேன்.”

“மன்னிச்சிரு எலென்.”

“இப்ப முடியாது அலமு.”

ரோசாலி விமானம் ஏறி வந்து மகளை அழைத்துப் போனாள். எலென் புதுச்சேரியில் ஆறு மாதம் மனநல சிகிச்சை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் வேறு அறை கேட்டு வாங்கினாள். அவளுடைய கனத்த பெட்டியை அலமுதான் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனாள். எலென் தடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.