ஆட்டுக்குரல்காரி

வெர்னா டில்லட்சன் ஐந்தடிக்கும் குறைவு. கார்ட்டூன் கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் மைக் அவள் நெற்றிக்கு நேராக நிற்கும். அதைத் தாழ்த்தினால் கூடப் பேசுகிற ராஸ்கோ பீல் குனிய வேண்டியிருக்கும் என்று, அவளுக்காக ஒரு ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்பது வருஷம் அந்தப் பெட்டிமேல் ஏறி நின்றுதான் பேசினாள். துடைப்பத்தோடு துரத்துகிற வீட்டுக்காரி, முட்டையைத் தொலைத்த கோழி, தொட்டிலில் வீறிடும் குழந்தை, எல்லாம் அவள்தான். எல்லோருக்கும் மேலே டுல்சி என்ற பெட்டை ஆடு.

டுல்சிக்குத் திமிர் ஜாஸ்தி. தன்னைத் தின்ன வருகிற நரியைப் பார்த்து, "மொதல்ல கையைக் கழுவிட்டு வாடா!" என்று அதட்டும். தியேட்டரில் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். கார்ட்டூனில் குரல்தான் முதல், படம் வரைவது அப்புறம். வெர்னா எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே ஆட்டின் தாடி துடிக்கும். அவள் உதட்டைச் சுழித்தால் ஆடும் சுழிக்கும். வரைகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

நரிக்குப் பேசுகிறவன் ராஸ்கோ. படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கும். 'குரல்கள்: ராஸ்கோ பீல்.' கம்பெனி அவனுக்கு ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக் கொடுத்திருந்தது.

நாற்பத்தாறாம் வருஷம் ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெர்னா தன் தோழி ஓப்பலோடு ஹாலிவுட் பெரிய வீதியில் ஒரு தியேட்டருக்குப் போனாள். ஓப்பல் அதே கம்பெனியில் படங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள். விரல் இடுக்கில் எப்போதும் பச்சையோ நீலமோ ஒட்டியிருக்கும். டுல்சி வாயைத் திறந்ததுமே அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்:

"அந்த ராஸ்கோவைப் பாருங்களேன்! ஆம்பளையா இருந்துக்கிட்டு பொட்டை ஆட்டுக்கு என்னமா பேசுறான்!"

ஓப்பல் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னா சிரிக்கவில்லை. கையிலிருந்த சோளப்பொரியை அப்படியே ஓப்பலின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் முதலாளி லாயிட் ஸ்டாமரின் அறையில் நின்றாள். ஸ்டாமர் ஆப்பிள் பை சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

"என் பேரையும் போடணும் சார்."

"எங்க போடணும்?"

"படத்துல. ராஸ்கோ பேருக்குக் கீழ போட்டாலும் சரி."

ஸ்டாமர் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இங்க பாரு வெர்னா, பாக்குறது சின்னப் பசங்க. பேரெல்லாம் எவன் படிக்கிறான்?"

"அப்ப ராஸ்கோ பேரு எதுக்கு?"

ஒரு நிமிஷம் அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு முகம் சிவந்தது. "கத்துறதுக்குப் பேரு கேக்குறியா? ஆடு மாதிரி கத்த இந்த ஊர்ல நூறு பேரு கிடைப்பாங்கம்மா. பாக்குறியா?"

"பாக்கலாம் சார்," என்றாள் வெர்னா.

வியாழக்கிழமை பத்திரிகையில் விளம்பரம் வந்துவிட்டது: நையாண்டிக் குரல் பேசத் தெரிந்த பெண்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரவும். மதியச் சாப்பாட்டில் ஓப்பல் அதை மேஜைமேல் விரித்தாள்.

"ஒன் வேலைக்குத்தாண்டி ஆள் எடுக்கிறான். என்ன பண்ணப் போற?"

"நானும் வரிசையில நிக்கப் போறேன்."

"பைத்தியமாடி ஒனக்கு?"

"அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்து எடுக்கப் போறதில்லையே! அவன் ரூம்ல உக்காந்து ஒலிபெருக்கியிலதான கேக்கப் போறான்."

சனிக்கிழமை முப்பத்தோரு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நிஜமாகவே பண்ணையில் வளர்ந்தவள், தாழ்வாரத்திலேயே கத்திப் பார்த்துக் கொண்டிருந்தாள். வெர்னா தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டு, தன் பெயருக்குப் பதிலாகத் தன் தாயின் குடும்பப் பெயரை எழுதிக் கொடுத்து, பதினேழு என்ற சீட்டை வாங்கிக்கொண்டாள். மைக் பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவாளன் அவளைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், பேசாமல் ஆரஞ்சுப் பெட்டியைக் காலால் நகர்த்தி வைத்தான்.

அவள் டுல்சியாகப் பேசினாள். கொடுத்த மூன்று வரியோடு நிறுத்தவில்லை. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தாள். "நூறு ஆடு கேட்டியாமே, எண்ணிப் பாத்தியாடா நரி?"

ஒரு மணி நேரம் கழித்து ஸ்டாமர் தாழ்வாரத்துக்கு வந்தார். கூடவே ராஸ்கோ. வண்ணம் தீட்டும் பெண்கள் படிக்கட்டில் கூடி நின்றார்கள்.

"பதினேழாம் நம்பர் யாரு? வாங்கம்மா முன்னாடி! அந்த வெர்னாவை விட நீங்க எவ்வளவோ மேல். குரல்ல ஒரு உசுரு இருக்கு."

வெர்னா தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். படிக்கட்டில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அது ஓப்பலாகத்தான் இருக்கும்.

"உசுரு இருக்குல்ல சார்? அதுக்கு ஒரு பேரும் இருக்கு."

ஸ்டாமர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. "ஆடு என்னோடது! நான் வரைஞ்சது, நான் வளத்தது! தொண்டைதான் ஒன்னோடது!"

"அப்ப ஆட்டை நீங்களே வச்சுக்கோங்க. தொண்டையை நான் எடுத்துட்டுப் போறேன்."

வாசலில் ராஸ்கோ அவளைப் பிடித்தான். "மொத வார்த்தையிலயே நீதான்னு தெரிஞ்சுடுச்சு வெர்னா. நான் மூச்சு விடல."

"ஒன்பது வருஷமாவே நீ மூச்சு விடலையே ராஸ்கோ," என்று சொல்லிவிட்டு டிராம் பிடிக்கப் போனாள்.

வேலை இருபத்து மூன்றாம் நம்பருக்குப் போயிற்று. லுவெல்லா மோஸ் என்ற பெண். அவள் பேசிய முதல் படம் வந்ததும் வெர்னா தனியாகப் போய்ப் பார்த்தாள். மோசமாக இருக்கும் என்று நம்பித்தான் போனாள். மோசமாக இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கழுவும் தொட்டியில் பாத்திரங்களைப் போட்டுவிட்டு, கழுவாமல் வெகுநேரம் நின்றாள். ஆனால் ஸ்டாமருக்குப் போன் பண்ணவில்லை.

ரேடியோவில் வேலை கிடைத்தது. சூனியக்காரி, கிழவி, பல்லில்லாத பாட்டன், கைக்குழந்தை என்று எல்லாம் பேசினாள். அங்கே நாடகம் முடிந்ததும் பெயரைச் சொல்வார்கள். மறு வருஷம் பர்பாங்கில் ஒரு சின்னக் கார்ட்டூன் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. கோபக்கார கோவேறு கழுதை ஒன்றுக்குக் குரல் வேண்டுமாம். பெயர் போட்டால் வருகிறேன் என்றாள். ஒலிப்பதிவு நடக்கும்போதே பெயர் அட்டையை எழுதிக் காட்டினார்கள், ஒரு எழுத்தை விட்டுவிட்டு. திருத்தி எழுதுகிற வரையில் அடுத்த வரியைப் பேசமாட்டேன் என்று அங்கே போட்டிருந்த பெட்டிமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி நேரத்தில் எழுத்து வந்து சேர்ந்தது.

அந்தக் கழுதைப் படம் ஓடிக் கொண்டிருந்தபோது லுவெல்லா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஒங்க வேலையை எடுத்தவ நான். துரத்தி விட்டுறாதீங்க."

"நீ எங்க எடுத்த? நான்தான போட்டுட்டு வந்தேன். உள்ள வா."

"நானும் பேரு கேட்டேன் அக்கா. இந்தக் கம்பெனியில எந்தப் பொம்பளையும் இப்படிக் கேட்டதே இல்லைன்னு சொல்றாரு."

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். "அப்படியா சொன்னான்? வா, போய் ஞாபகப்படுத்திட்டு வருவோம்."

அவர்கள் இரண்டு பேரும் ஸ்டாமரின் வாசலை அடைந்தபோது, வெர்னா போனில் சொல்லி ஓப்பல் செய்தி பரப்பியிருந்ததால், வண்ணம் தீட்டும் பெண்கள் பதினான்கு பேர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். ஸ்டாமர் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த இலையுதிர் காலத்திலிருந்து ராஸ்கோ பெயருக்குக் கீழே லுவெல்லா மோஸ் என்று வந்தது.

வெர்னா பேசிய நாற்பத்தேழு டுல்சி படங்களில் மட்டும் யாரும் எதையும் மாற்றவில்லை. அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொண்டேதான் இருந்தார்கள். எந்தத் தியேட்டரில் போட்டாலும் வெர்னா டிக்கெட் எடுத்து நடு வரிசையில் உட்காருவாள். திரையில் 'குரல்கள்: ராஸ்கோ பீல்' என்று வந்ததும், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, டுல்சியின் குரலிலேயே கத்துவாள்:

"அப்புறம் வெர்னா டில்லட்சன்!"

பிள்ளைகள் அத்தனை பேரும் இருட்டில் திரும்பிப் பார்ப்பார்கள்.