விருந்தினர் பக்கம்

வந்தவர் விட்டுச்செல்லும் மூட்டையை வீட்டுக்காரர் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. கொல்லிமலையின் அரியூர் நாட்டில் இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

மிளகு விவசாயிகள் சங்கத்தின் கணினியைக் கவனித்துவந்த கோகிலவாணி, 2008இல் இவ்வழக்கத்தை இணையத்துக்கும் கொண்டுபோனாள். சங்கத்தின் தளத்தில் விருந்தினர் கருத்தெழுதுவதற்காக இலவசச் செருகுநிரல் (பிளகின்) ஒன்றை இணைத்தாள். கருத்துகளைப் படித்துப் பார்த்தபின் வெளியிடும் வசதி அதில் இருந்தது. வந்தவர் எழுதியதைச் சோதிப்பதா என்று கூசி, அதை அணைத்துவைத்தாள்.

மாசியில் நாமக்கல் வியாபாரி அர்த்தனாரி மலையேறி வந்தார். சங்கத்து மிளகு முழுவதையும் எடுப்பவர் அவர்தான்.

"ஏனுங்க அம்மிணி, உங்க பக்கத்தைத் தொறந்தேன். மெயில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்துது. நம்ம சங்கந்தானேன்னு குடுத்தேன். இப்ப என் பேர்ல ஊரெல்லாம் பொய் மெயில் போவுது."

"நாங்க கேக்கலீங்களே" என்றவள், பக்கத்தின் நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். 'கொல்லிமலை மிளகின் காரமே காரம்' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிய பாராட்டுக்குள் சில வரி நிரல் ஒளிந்திருந்தது. செருகுநிரல் அதையும் வெறும் எழுத்தென்று அப்படியே சேமித்துவைத்திருக்கிறது. பக்கத்தைத் திறந்தவர் ஒவ்வொருவரின் கணினியிலும் அது உயிர்பெற்றுக் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. அந்தப் பாராட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியதும் அவள்தான். தலைக்குமேல் அது இன்னும் இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் செல்லமுத்து சுவரைப் பார்த்தார். "அந்தக் காரத்தை நம்ம கண்ணுலயே தேச்சுட்டுப் போயிட்டான் போ."

கோகிலவாணி அக்கருத்தை நீக்கினாள். செருகுநிரலின் திருத்திய பதிப்பை ஏற்றினாள். அணைத்துவைத்த வசதியையும் இயக்கினாள். அர்த்தனாரி நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"இப்ப நான் எழுதறேன். நீங்க என்ன பண்றீங்கன்னு பார்த்துட்டுத்தான் மிளகு எடுக்கறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

ஒரு விரலால் தட்டித் தட்டி நாலு வரி எழுதி அனுப்பினார்.

செல்லமுத்து அவள் காதருகே குனிந்தார். "அப்படியே போட்டுடு சாமி. மனுசன் மூஞ்சிக்கு நேரா பிரிச்சுப் பார்க்காதே."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க" என்று அர்த்தனாரியிடம் சொல்லிவிட்டு, அவர் எழுதியதை அவர் கண்ணெதிரிலேயே எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.