இடது காலுக்கு வேலையில்லை

1

இந்தக் கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரிலிருந்து தோழி ஒருத்தி தன் சின்னக் காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். கிளட்ச் மிதி இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார். கியர் மாறும்போதெல்லாம் என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவள் தலை அசையவே இல்லை.

"நீ மட்டும் எப்படி ஆடாம உக்காந்திருக்க?" என்றேன்.

"அது எப்ப மாத்தப் போகுதுன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள்.

அந்தப் பதிலை இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன். தோழியைப் பற்றியே எழுத முடியாது, படித்துவிடுவாள். ஆகவே முத்துமீனா என்று ஒருத்தியை உண்டாக்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒத்தக்கடை யானைமலையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார்..." மலையை எதற்குக் கூப்பிட்டேன்? அதற்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. நேராகவே வருகிறேன்.

2

முத்துமீனாவின் வீடு விளாங்குடியில். வேலை ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில். நகரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே இரண்டு பேருந்துகள். இரண்டில் ஒன்று எப்போதும் தாமதம். இனியும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக கல்லூரி முதல்வர் சொன்ன பிறகுதான் அவள் தன் சம்பளத்தில் கடன் போட்டு, கிளட்ச் மிதி இல்லாத அதே மாதிரி ஒரு காரை வாங்கினாள். அவள் குடும்பத்திலேயே முதல் கார்.

கணவன் சிவபாண்டி பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன் பல வருடம் வாடகை வேன் ஓட்டியவன். அந்த வேனில்தான் ஒரு காலத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். "கிளட்ச விடு, மெல்ல விடு, அடியேய், விடச் சொன்னா உதறுற!" அவள் இடது கால் நடுங்கும். வேன் குதித்து அணைந்துபோகும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அத்தோடு விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் காரைச் சிவபாண்டி விற்கப் போகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை. பேச்செல்லாம் முடிந்துவிட்டது.

(இதைக் கடைசியில் சொல்லி உங்களைத் திடுக்கிடவைக்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம். அவளுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.)

3

அந்தக் காரை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்லாமல் கதை நகராது.

முதல் வாரம் அவள் இடது கால், விருந்து வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாத ஆள்போலத் தவித்தது. அதற்கு வேலையே இல்லை. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு. சிக்னலில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக ஊர்ந்து போகும். இதுவரை எல்லாம் சுகம். ஆனால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிற இடத்தில் கார் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இழுவை அறுந்துபோகும். தலை முன்னால் போகும். அடுத்த கணம் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல மறுபடி கிளம்பும். உள்ளே கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. அதை மிதிக்கும் கால்தான் நம்முடையது இல்லை.

"மிதிச்சா ஒரு யோசனை பண்ணிட்டுத்தான் போகுது. மனு குடுத்துட்டு உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்பான் சிவபாண்டி.

அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எஞ்சின் சத்தம் ஏறி ஏறி ஓர் இடத்தில் இறுகும். அப்போது வலது காலை ஒரு மயிரளவு தளர்த்தினால் கியர் வழுக்கிக்கொண்டு விழும், தலை ஆடாது. முந்த வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மேம்பாலச் சரிவில் நின்றால் பின்னால் உருளும், கைபிரேக் போட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். யாரும் கத்தாத இடத்தில்தான் அவளால் கேட்க முடிந்தது.

(இந்தக் கதையும் எண் மாறும் இடங்களில் கொஞ்சம் குலுங்கும். காலை லேசாக எடுத்துக்கொண்டு படியுங்கள்.)

4

தனியாகப் போனால் அவள் ஓட்டுவாள். இரண்டு பேரும் போனால் ஸ்டியரிங் அவனிடம். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

போன மாதம் மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பேருந்து திடீரென்று குறுக்கே வளைந்தது. சிவபாண்டியின் இடது கால் எழும்பியது. அவள் பார்த்தாள். இருபது வருடப் பழக்கத்தில் கிளட்சைத் தேடி எழும்பிய கால். அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் மிதிதான் இருந்தது. கிளட்சை மிதிக்கிற அதே வேகத்தில் அதை முழுக்க அழுத்திவிட்டான். பேருந்து பாட்டுக்குப் போய்விட்டது. கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் காய்கறி ஏற்றி வந்த குட்டியானை லாரி வந்து மோதியது. யாருக்கும் அடியில்லை. காரின் பின்கதவு மட்டும் உள்ளே போயிருந்தது.

லாரி ஓட்டி வந்தவன் இறங்கி வந்தான். "என்னண்ணே, ஆணி அடிச்ச மாதிரி நட்ட நடு ரோட்டுல நிக்கிறீங்க?"

"நான் எங்கய்யா நின்னேன்? வண்டி தானா பிரேக் அடிச்சிருச்சு. ஆட்டோமேட்டிக்குல்ல, எல்லாம் இம்புட்டுத்தான். என்ன மீனா?"

அவள் "ம்" என்றாள்.

5

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருத்தி ஏன் "ம்" என்று சொல்ல வேண்டும்? "பயந்துபோய்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அவனுக்குப் பயப்படுகிறவள் இல்லை. "அன்பினால்" என்று எழுதி அதையும் அடித்தேன்.

இடித்த கணத்தில் அவன் முகத்தை அவள் பார்த்திருந்தாள். ஒரு காரின் உள்ளே அவன் மிரண்டு அவள் கண்டதே இல்லை. சமதரையில் தடுக்கி விழுந்துவிட்ட மனிதனின் முகம். அதை ஊர் பார்ப்பதற்குள் எதையாவது போட்டு மூடவேண்டும் போலிருந்தது. கையில் கிடைத்தது அந்த "ம்".

இது பாதிதான் உண்மை. மீதியை அவளே சமையலறையில் தனியாக நிற்கும்போதுதான் கண்டுபிடித்தாள். அவனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் ஒரு சின்ன ருசி இருந்தது. அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது கரைவதற்குள், தானாகப் பிரேக் அடிக்கிற வண்டி வேண்டாமென்று கார் விலைபேசப்பட்டுவிட்டது.

6

இம்மானுவேல் சிவபாண்டியின் நண்பன், பழைய கார் தரகன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

முதல் முடிவு: இம்மானுவேல் காரை ஓட்டிப் பார்க்கிறான். வேகத்தடை வருகிறது. அவன் இடது காலும் கிளட்சைத் தேடிப் பிரேக்கை அழுத்துகிறது. எல்லாத் தலைகளும் முன்னால் போய்... எழுதி முடித்துச் சிரித்தேன். அப்புறம் கிழித்தேன். முத்துமீனா கண்ணால் பார்த்தது உண்மையாவதற்கு இன்னோர் ஆம்பளையின் கால் சாட்சி சொல்ல வேண்டுமா?

இரண்டாவது முடிவில் அவள் மௌனமாக இருந்துவிட்டு, திங்கட்கிழமை பேருந்தில்...

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

7

நடந்தது இது. பின்கதவைத் தட்டிச் சரிசெய்து, கழுவி, காரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இம்மானுவேல் சுற்றி வந்து பார்த்தான்.

"வாங்குறவன்கிட்ட அந்தப் பிரேக் சமாச்சாரத்தச் சொல்லித் தொலைச்சிராத மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

முத்துமீனா காபியோடு வந்தாள். டம்ளர்களைக் கார் மேலேயே வைத்தாள்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. அன்னைக்கு இவுக இடது காலால பிரேக்க மிதிச்சாக. கிளட்சுன்னு நெனச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

சிவபாண்டி நிமிர்ந்தான். "அன்னைக்கு ம்முன்னு சொன்ன?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

இந்த இடத்தில் கார் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நானும் நம்பினேன். உண்மையைச் சொல்லிவிட்டாள், இனி என்ன? ஆனால் இம்மானுவேல் என் கையை மீறித் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினான்.

"அடி சக்கை! அப்ப நல்ல வண்டியா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? இன்னும் நல்ல வெலைக்குத் தள்ளிருவேன்ல!"

சிவபாண்டிக்கும் அதில் ஓர் ஆசுவாசம் கிடைத்தது. "அதச் சொல்லு. ஒரு கியர் வண்டியா எடுத்துக்குவோம். மீனா, இந்தத் தடவ பொறுமையாச் சொல்லித் தாரேன். கத்த மாட்டேன்."

அவன் அதை நிஜமாகத்தான் சொன்னான். அதுதான் கஷ்டம். அந்தக் குரலில் அவளுக்கு இளகிப்போகத் தோன்றியது. பழைய வேனின் சத்தம் காதில் ஏறி இறுகியது. உண்மையைச் சொல்வது ஒன்று, வேண்டியதைச் சொல்வது வேறொன்று என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முதலாவதைச் சொன்னால் இரண்டாவது தானாகப் பின்னால் வரும் என்று இருந்துவிட்டாள். வராது. அதையும் வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்.

"விக்கலண்ணே" என்றாள்.

"என்னம்மா?"

"இத வச்சுத்தான் என் வேலை இருக்கு. எனக்கு ஓட்ட வருது. இத நான் விக்கல." பிறகு கணவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கும் நான் சொல்லித் தாரேன். இடது காலச் சீட்டுப் பக்கமா இழுத்து வச்சுக்கங்க, அம்புட்டுத்தான். பத்து நாள்ல பழகிரும்."

இம்மானுவேல் காபியை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். "மாப்ள, நீ பேசு. இது வீட்டு விவகாரம்."

8

சிவபாண்டி என்ன சொன்னான்?

நான் பல பதில்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டம்ளரைத் தூக்கி எறிந்தான். அது அவன் இல்லை. ஒன்றில் சிரித்துக்கொண்டே, "எனக்கே வாத்தியாரா?" என்று ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். அப்படி அவன் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனாலேயே அந்தப் பதிலை நம்ப முடியவில்லை. இன்னொன்றில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டான். அவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் இவ்வளவு நேரமும் அவளருகில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே அவன் பேச்சை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கோபமோ, கேலியோ, பல நாள் மௌனமோ, எது வேண்டுமானாலும் கொடுங்கள். அவளை அழவைக்க வேண்டுமென்றால் அழவையுங்கள், அவள் தாங்குவாள். ஒன்றை மட்டும் நான் விட்டுத் தருவதாக இல்லை. திங்கட்கிழமை காலை அந்தக் கார் ஒத்தக்கடைக்குப் போகிறது. ஓட்டுவது அவள். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதும் இல்லாததும் உங்கள் பொறுப்பு.